ஃபியூஸ் அக்காவின் ஆணிப் பலகை

எங்கள் தெருவில் அவளுக்கு ஃபியூஸ் அக்கா என்று பெயர். எந்த வண்டி வந்தாலும் பானெட்டைத் திறந்ததும் அவள் கேட்கும் முதல் கேள்வி, "ஃபியூஸ் எங்க?" என்பதுதான். நான் அவளைவிட இரண்டு வயது மூத்தவன். இருந்தாலும் நான் அவளை அக்கா என்பேன், அவள் என்னை அண்ணா என்பாள். புதிதாக வருகிறவர்கள் இதைக் கேட்டுக் கொஞ்ச நேரம் எங்கள் இருவர் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். அவளுடைய பட்டறைக்கு அடுத்த கடையில் லேத் ஓட்டுகிறவன் நான். அவள் மாட்டிய ஒவ்வொரு கம்ப்ரசருக்கு அடியிலும் இருக்கிற இரும்புத் தாங்கி நான் வெட்டி, வளைத்து, துளை போட்டுக் கொடுத்தது.

அந்த வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மணலிலும் கரட்டு மலையிலும் ஓடுகிற ஜீப்புகள் மணலில் இறங்கும் முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிட வேண்டும். அப்போதுதான் டயர் அகலமாகப் படுத்து, புதையாமல் ஓடும். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் நாலு டயருக்கும் மறுபடி காற்று நிரப்ப வேண்டும். அந்த மாதிரி இடத்தில் காற்றடிக்கிற கடை ஏது? அதனால் வண்டிக்குள்ளேயே ஒரு சின்னக் கம்ப்ரசரை நிரந்தரமாகப் பொருத்திவிடுவார்கள். உட்காரவைத்த பூனை அளவுதான் இருக்கும். ஆனால் பேட்டரியிலிருந்து அது உறிஞ்சுகிற கரண்ட், முன்விளக்கு இரண்டும் சேர்ந்து எடுப்பதைப் போல நாலு மடங்கு. அதற்குப் போகிற ஒயரில், பேட்டரிக்குப் பக்கத்திலேயே, ஒரு ஃபியூஸ் இருந்தாக வேண்டும். ஒயர் எங்காவது உரசித் தகட்டைத் தொட்டால் ஃபியூஸ் கண்மூடித் திறப்பதற்குள் உருகிக் கரண்டை அறுத்துவிடும். ஃபியூஸ் இல்லையென்றால் ஒயர் பழுத்துச் சிவந்து அடுப்புக் கம்பி ஆகிவிடும்.

அவள் புருஷனுக்கு நடந்தது அதுதான்.

அவரைத் தெருவில் டிரைவர் என்போம். சுற்றுலா ஆட்களை மணல்மேட்டுக்கு அழைத்துப் போகிற ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டினார். அன்றைக்கு மதியம் ஆறு பேரை ஏற்றிப் போய்த் திரும்பி, ரோட்டோரம் நிறுத்தி டயருக்குக் காற்று நிரப்பிக்கொண்டிருந்தார். மூன்றாவது டயரில் இருக்கும்போது பானெட் இடுக்கில் புகை வந்தது. ஆறு பேரையும் இறக்கித் தள்ளி நிற்கவைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, பேட்டரி ஒயரை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். ஒயர் வந்தது. கையில் ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்தக் கம்ப்ரசரை மாட்டியது வேறு யாருமில்லை, அவருடைய சொந்த அண்ணன். தெருமுனையில் கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ஒர்க்‌ஷாப் அவருடையது. நாங்கள் எல்லோரும் அவரைப் பெரியவர் என்போம். அக்கா அவரை மாமா என்று கூப்பிடுவாள். அந்தக் கம்பெனியின் பதினெட்டு வண்டிக்கும் கம்ப்ரசர் மாட்டியது அவர்தான்.

பெரியவரைக் கெட்டவர் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டால் எனக்கு வசதியாக இருக்கும். ஆனால் தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்த ஐந்து வாரமும் சாப்பாட்டுத் தூக்கைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர்தான். கட்டுப் போட்ட இரண்டு கையையும் தலையணைமேல் வைத்துக்கொண்டு தம்பி வாயைத் திறப்பார், அண்ணன் ஊட்டிவிடுவார். பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஐந்தாவது வாரம் கம்பெனி ஆபீசிலிருந்து ஒரு ஆள் வந்து, டிரைவருக்கு இனி வேலையில்லை என்று சொல்லி, ஒரு கடிதத்தின் நகலையும் அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனார். பெரியவரின் ஒர்க்‌ஷாப் பெயர் அச்சடித்த தாள். அதில் பெரியவர் எழுதியிருந்தார்: "ஓட்டுநர் கம்ப்ரசரை நாற்பது நிமிடங்களுக்கு மேல் இடைவிடாமல் ஓடவிட்டதே விபத்துக்குக் காரணம். பொருத்தியதில் எந்தக் குறையும் இல்லை." தேதியைப் பார்த்தாள். தீப்பிடித்த மூன்றாம் நாள். அதை எழுதிய அன்று மதியம்கூட அவர் வந்து ஊட்டிவிட்டுப் போயிருந்தார்.

டிரைவர் கடிதத்தைப் படித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். "விடு. பதினெட்டு வண்டிக்காரன் போயிட்டா அண்ணன் கடைய மூடணும். பயந்துட்டாரு" என்றார்.

"நாப்பது நிமிஷம் ஓட்டினீங்களா?"

"பத்து நிமிஷம்கூட இல்ல."

 அக்கா எழுந்து நேராகக் கம்பெனி வளாகத்துக்குப் போனாள். எரிந்த ஜீப் அங்கே ஒரு மூலையில் கிடந்தது. காவல்காரரிடம் புருஷனின் செருப்பு வண்டிக்குள் இருக்கிறது என்று சொல்லி உள்ளே நுழைந்து, பேட்டரியிலிருந்து கம்ப்ரசர் வரை போன ஒயரை வெட்டி எடுத்தாள். ஒரு அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தாள். வாஷிங் மெஷின் தயாரிக்கிற தொழிற்சாலையில் பதினொரு வருஷம் ஒயர்க் கற்றை கட்டியவள் அவள். ஃபியூஸ் எரிந்தால் அதன் பித்தளைக் காலாவது மிஞ்சும் என்று அவளுக்குத் தெரியும். மிஞ்சவில்லை, ஏனென்றால் இருந்ததே இல்லை. என்ஜினுக்கும் உள்ளறைக்கும் நடுவில் இருக்கிற தகட்டில் ஒயர் நுழைகிற துளையைப் பார்த்தாள். துளையின் விளிம்பு கத்திமாதிரி இருந்தது. அங்கே போட்டிருக்க வேண்டிய ரப்பர் வளையமும் இல்லை. ஒரு வருஷ ஆட்டத்தில் தகடு ஒயரை அறுத்திருந்தது.

அந்த ஒயரைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் தெருமுனைக்கு வந்தபோது நான் அங்கே ஒரு ஷாஃப்ட்டைக் கொடுக்கப் போயிருந்தேன். அதனால் அந்தப் பேச்சை என் காதாலேயே கேட்டேன்.

"மாமா, இதுல ஃபியூஸ் எங்க?"

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போட்டேன். எரிஞ்சிருக்கும்."

"எரிஞ்சா கால் மிஞ்சும்."

"இங்க பாரும்மா. நீ வாஷிங் மெஷினுக்கு ஒயர் கட்டினவ. துணி துவைக்கிற சாமானும் வண்டியும் ஒண்ணா? வீட்டுக்குப் போ. அவனைக் கவனி."

வேலையாட்கள் நாலு பேர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை, அதையும் சொல்ல வேண்டும். அக்கா ஒயரை இன்னும் கொஞ்சம் இறுக்கிச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்து, "அண்ணா, உங்க பக்கத்துல அட்டைப்பெட்டி அடுக்கி வச்சிருக்காங்களே, அந்தக் கொட்டகை காலியாகுமா?" என்று கேட்டாள்.

காலியாயிற்று. எரிந்த ஜீப்பைக் கம்பெனி எடுத்துப் போகச் சொன்னதும் அதைக் கட்டி இழுத்து வந்து அங்கே நிறுத்தினாள். ஒரு பழைய கம்ப்ரசரைப் பிடித்தாள். ஐந்து மாதம் அதை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தாள். டிரைவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் விரல்கள் ஒன்றோடொன்று இழுத்துப் பிடித்து உள்ளங்கைப் பக்கம் பாதி மடங்கியிருந்தன. டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் பிடிப்பார். ஆனால் வாய் வேலை செய்தது. "பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர். அது இல்ல, அடுத்தது." "அங்க வைக்காத, கீழ சைலன்சர் போகுது, வெந்துடும்." "ஹோஸ் ரப்பர் வேணாம். கம்ப்ரசர்லேர்ந்து வர்ற காத்து கொதிக்கும். கம்பி பின்னினது வாங்கு."

நான் தாங்கி செய்து கொடுத்தேன். முதல் இரண்டையும் திருப்பி அனுப்பினாள். "ஆடுது அண்ணா" என்பாள், நகத்தால் தட்டிக் காட்டுவாள். என் தொழிலில் எனக்கே பாடம் எடுக்கிறாளே என்று எரிச்சலாக இருந்தது. மூன்றாவது ஆடவில்லை.

பட்டறை திறந்த அன்று வாசலில், தெருவைப் பார்த்து, ஒரு கதவு அளவு பலகையை வெள்ளையடித்து நிறுத்தினாள். நடுவில் ஒரு ஆணி. அந்த ஆணியில் எரிந்த ஒயர். கீழே மார்க்கரால் வண்டி எண், தேதி, அப்புறம் இரண்டு வார்த்தை: ஃபியூஸ் இல்லை. யார் மாட்டியது என்று எழுதவில்லை. எழுத வேண்டிய அவசியமும் இல்லை, எங்கள் பக்கத்தில் கம்ப்ரசர் மாட்டுகிறவர் அப்போது ஒருவர்தான்.

மறுவாரம் நிலம் அளக்கிற ஒருவர் தன் வண்டியில் காற்று ஏறவில்லை என்று கொண்டுவந்தார். பெரியவர் மாட்டியது. அக்கா பானெட்டைத் திறந்தாள். "ஃபியூஸ் எங்க?" இல்லை. சாதாரண ரப்பர் ஹோஸ் வெந்து இளகியிருந்தது. எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாகப் போட்டாள். பேட்டரியை ஒட்டி ஃபியூஸ், நடுவில் அவ்வளவு கரண்டையும் தாங்கி இணைக்கிற ரிலே, என்ஜின் ஓடினால் மட்டும் வேலை செய்கிற சுவிட்ச், ஒவ்வொரு துளையிலும் ரப்பர் வளையம். பழைய ஹோஸ் பலகையில் இரண்டாவது ஆணிக்குப் போனது.

அப்புறம் அது ஒரு வெறியாகிவிட்டது. டீக்கடை வாசலிலோ பெட்ரோல் பங்க்கிலோ ஜீப் நின்றால் போதும், அக்கா கண்ணாடியைத் தட்டுவாள். "கம்ப்ரசர் யார் போட்டது? பானெட்ட ஒரு நிமிஷம் திறங்க, சும்மா பாக்கறேன்." முதல் வருஷம் பதினாலு ஆணி. இரண்டாம் வருஷ முடிவில் இருபத்தொன்பது. வெந்த ஹோஸ், கருகிய ஒயர், கையால் முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு, அளவுக்கு மீறிய அழுத்தத்தில் திறக்க வேண்டிய வால்வுக்குப் பதிலாக மொட்டை போல்ட். கம்பெனியின் பதினெட்டு வண்டியில் பதினொன்று அவளிடம் வந்துவிட்டன. பானெட்டைத் தூக்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறேன். பிறந்தநாள் பரிசைப் பிரிக்கிற குழந்தை மாதிரி இருக்கும். உள்ளே எல்லாம் சரியாக இருந்துவிட்டால் முகம் தொங்கிப்போகும். ஒருநாள் நான் சொல்லியேவிட்டேன்.

"அக்கா, ஒரு வண்டி நல்லா இருந்தா சந்தோஷப்படணும்."

"நீங்க படுங்க அண்ணா. எனக்கு நேரமில்ல."

டிரைவர் அந்தப் பலகையைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே வருவார். அண்ணன் வீட்டுக்கும் போய்வருவார். இவள் தடுக்கவில்லை, அவர் இவளைத் தடுக்கவில்லை.

அந்த வருஷம் பெரியவரின் மகளுக்குக் கல்யாணம். அந்தப் பெண் சின்ன வயதிலிருந்து சித்தி சித்தி என்று அக்காவைச் சுற்றிக்கொண்டே இருந்தவள். சண்டைக்குப் பிறகும் வந்துபோனாள், அழைப்பிதழையும் அவளே கொண்டுவந்து கொடுத்தாள். அக்கா போனாள். முதல் வரிசையில் உட்கார்ந்தாள். பரிசு கொடுக்கும் முறை வந்ததும் மேடையேறி, வண்ணத்தாள் சுற்றிய பெட்டியை மாப்பிள்ளை கையில் கொடுத்து, "இங்கயே பிரிங்க" என்றாள். மாப்பிள்ளை பிரித்தார். உள்ளே ஒரு சின்னத் தீயணைப்பானும் ஒரு டஜன் ஃபியூஸும் இருந்தன.

"உங்க மாமனார் கல்யாணத்துக்கு ஜீப் தர்றாராமே. கம்ப்ரசரும் அவரே மாட்டியிருக்காராம். கைல வச்சுக்குங்க."

மண்டபத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள், பாதிப் பேர் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். பெரியவர் மேடையில் அசையாமல் நின்றார். பெண் தலையைக் குனிந்துகொண்டாள். சொட்டுச் சொட்டாக அவள் மடியில் விழுந்ததை நான் கீழேயிருந்தே பார்த்தேன்.

மாப்பிள்ளை விவரம் தெரியாதவர், நல்ல மனசுக்காரர். சாப்பாட்டுக்குப் பிறகு அக்காவைத் தேடி வந்து, "வாங்க அத்தை, நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்று வாசலில் நின்ற புது ஜீப்பின் பானெட்டைத் திறந்தார். அக்கா குனிந்தாள். நான் பக்கத்தில் இருந்தேன்.

பேட்டரியை ஒட்டி ஃபியூஸ் இருந்தது. ரிலே இருந்தது. கம்பி பின்னிய ஹோஸ். துளைக்குத் துளை ரப்பர் வளையம். ஒயர் எங்கும் உரசாமல் உறை போட்டு, சாணுக்கு ஒரு கிளிப் வைத்து, பார்க்க அழகாக இருந்தது. அக்கா மாட்டியிருந்தால்கூட இதைவிட நன்றாகச் செய்திருக்க மாட்டாள்.

அவள் நிமிரவே இல்லை. வெகுநேரம் அந்த ஃபியூஸ் மேல் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். அதுவரை பெரியவருக்கு வேலை தெரியாது, படிக்காமல் பார்த்துப் பழகிய கை, அதனால் விட்டிருக்கிறார் என்று அவள் நினைத்திருந்தாள்.

"தெரிஞ்சிருக்கு அண்ணா" என்றாள் என்னிடம்.  "எல்லாம் தெரிஞ்சிருக்கு. மகளுக்குன்னா போடத் தெரியுது."

 மறுநாள் விடிந்ததும் பட்டறையைத் திறந்து, ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த மாட்டு டாக்டரின் ஜீப்பில் வேலையை ஆரம்பித்தாள். மலைமேல் இருக்கிற பண்ணைகளுக்குப் போகிற பெண் டாக்டர் அவர். அக்கா அன்றைக்கு ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. ஸ்பேனரைத் திருகும்போதெல்லாம் உதடு அசைந்தது. யாரோடு பேசிக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியும். சாயங்காலத்துக்குள் வண்டி போய்விட்டது. பெரியவரின் மகள் அதற்குப் பிறகு சித்தி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்கா அதைப் பற்றி என்னிடம் பேசியதும் இல்லை. ஆனால் தெருவில் புது ஜீப் சத்தம் கேட்டால் தலையை நீட்டிப் பார்ப்பாள்.

ஒன்றிரண்டு மாதத்தில் பெரியவரே பட்டறைக்கு வந்தார். உடம்பு இளைத்திருந்தது. கண்ணாடிக் கதவு ஒர்க்‌ஷாப்பில் அப்போது இரண்டு வேலையாட்கள்தான் மிச்சம். பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தார். முப்பத்தொரு ஆணி.

"உனக்கு என்னம்மா வேணும்? சொல்லிடு."

"ஒரு லெட்டர் எழுதினீங்க மாமா. இன்னொண்ணு எழுதுங்க. ஃபியூஸ் போடலன்னு. அவரு மேல தப்பில்லன்னு."

"எழுதினா என் கதை முடிஞ்சுது. அப்புறம் எவன் வருவான்?"

"இப்ப மட்டும் எவன் வர்றான்?"

பெரியவர் தம்பியைப் பார்த்தார். டிரைவர் நாற்காலியில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ சொல்லுடா இவகிட்ட" என்றார் அண்ணன். டிரைவர் எழுந்து, முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

இதெல்லாம் நடந்து ஆறு மாதம் கழித்து ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, தெருமுனையிலிருந்து பெரியவரின் இழுவை வண்டி வந்தது. பின்னால் கொக்கியில் மாட்டு டாக்டரின் ஜீப். நேராகப் பலகைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். டாக்டரம்மா முன்சீட்டிலிருந்து இறங்கினார். சேலை முழங்கால் வரை சேறு. இரவெல்லாம் தூங்காத முகம்.

மலைச் சரிவில் போகும்போது கம்ப்ரசர் தாங்கியோடு கழன்று என்ஜின் பெல்ட்டில் விழுந்திருக்கிறது. பெல்ட் அறுந்து வண்டி நின்றுவிட்டது. பண்ணைக்கு இன்னும் எட்டு கிலோமீட்டர். டாக்டரம்மா நடந்தே போய்ச் சேர்ந்தபோது, ஈனும்போது கன்று குறுக்கே சிக்கி, பசு செத்துப்போயிருந்தது. கன்றும்தான். உதவிக்குக் கூப்பிட்ட நம்பரில் கிடைத்தது பெரியவரின் இழுவை வண்டி.

சத்தம் கேட்டுத் தெருவே கூடிவிட்டது. பெரியவர் இறங்கி வந்தார். வழியிலேயே பானெட்டைத் திறந்து பார்த்திருப்பார் போலிருக்கிறது. உள்ளங்கையை விரித்தார். ஒரு போல்ட், ஒரு நட்.

"ஆணி இருக்காம்மா? இல்ல நான் தரவா?" என்றார். சத்தம் போடாமல்தான் கேட்டார்.

அக்கா நட்டை வாங்கிப் பார்த்தாள். சாதாரண நட். ஆட்டத்தில் தளராமல் இருக்க உள்ளே நைலான் வளையம் வைத்த நட் ஒன்று இருக்கிறது, பூட்டு நட் என்போம், அதைத்தான் அவள் எப்போதும் போடுவாள். ஜீப்புக்குள் தலையை விட்டு மற்ற மூன்றையும் தேடினாள். மூன்றும் சாதாரண நட். வேலையின்போது அளவு பார்க்கத் தற்காலிகமாகப் போட்டு, மாற்ற மறந்திருக்கிறாள். எந்த நாளில் மறந்தாள் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

நான் அவள் பக்கம் போய், "அக்கா, தாங்கில துளை பெருசாயிடுச்சு, என் தப்புன்னு சொல்லிடறேன். எனக்கு இழக்க ஒண்ணுமில்ல, என்னை யார் என்ன பண்ணப் போறாங்க" என்றேன். மனப்பூர்வமாகத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை மறக்கவே முடியாது. "நீங்களும் லெட்டர் எழுதாதீங்க அண்ணா" என்றாள்.

சுத்தியலை எடுத்தாள். பலகையில் முப்பத்திரண்டாவது ஆணியை அடித்தாள். நட்டை ஒரு கம்பியில் கோத்து மாட்டினாள். மார்க்கரால் வண்டி எண், தேதி எழுதினாள். கீழே, மற்ற எல்லா எழுத்தையும்விடப் பெரிதாக: பூட்டு நட் போடவில்லை. பசுவும் கன்றும் செத்தன. மாட்டியது நான்.

அவள் மனசு தெளிந்து செய்தாள் என்று யாராவது நினைத்தால் தவறு. எழுதி முடித்துத் திரும்பியபோது அவள் கண் எரிந்துகொண்டிருந்தது. மார்க்கரைப் பெரியவர் முன்னால் நீட்டினாள்.

"முப்பத்தொண்ணுல பேரு இல்ல மாமா. என்னுதுல போட்டாச்சு. இப்ப நீங்க போடுங்க."

பெரியவர் கையை நீட்டவில்லை. இத்தனை பேர் முன்னால் அவளைத் தலைகுனிய வைக்க வந்தவர், தானே சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் வழிவிடவில்லை. டாக்டரம்மா, நிலம் அளப்பவர், கம்பெனி டிரைவர்கள் இரண்டு பேர், நான். 

அப்போது நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. டிரைவர் எழுந்து வந்தார். மனைவியின் கையிலிருந்த மார்க்கரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து வாங்கினார். பலகைக்கு முன்னால் போய் நின்றார். மார்க்கர் ஒருமுறை கீழே விழுந்தது. அக்கா எடுத்துக் கொடுக்கக் குனிந்தாள். "வேண்டாம்" என்று தலையசைத்துவிட்டு அவரே குனிந்து எடுத்தார். நடு ஆணிக்குக் கீழே, எரிந்த ஒயருக்கு அடியில், எழுத ஆரம்பித்தார்.

ஒவ்வொரு எழுத்துக்கும் அரை நிமிஷம் ஆனது. எழுத்து முதல்முறை பேனா பிடிக்கிற குழந்தையின் எழுத்துபோலக் கோணிக்கொண்டு போனது.  பெரியவர் தம்பியின் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டாவது வார்த்தை தொடங்கியதும், "டேய், போதும்டா" என்றார். டிரைவர் நிறுத்தவில்லை. மூன்றாவது வார்த்தையின் கடைசி எழுத்துக்குப் புள்ளி வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

மாட்டியது என் அண்ணன்.

"மூணு வருஷமா உங்க வீட்டுக்கு வந்தேன்" என்றார் அண்ணனிடம். "ஒருநாள் நீங்களே சொல்வீங்கன்னுதான் வந்தேன். காபி குடிக்க வரல."

பெரியவர் இழுவை வண்டியில் ஏறிப் போனார். ஜீப்பைக் கொக்கியிலிருந்து கழற்ற மறந்து பத்தடி இழுத்துக்கொண்டு போய், பிறகு ஞாபகம் வந்து நிறுத்தி, இறங்கிக் கழற்றிவிட்டுப் போனார். யாரும் உதவிக்குப் போகவில்லை. நானும் போகவில்லை. அடுத்த மாதம் கண்ணாடிக் கதவில் பூட்டு தொங்கியது. மகள் இருக்கிற ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். கடிதம் எதுவும் எழுதவில்லை, இன்றுவரை. கம்பெனியும் டிரைவரை மறுபடி கூப்பிடவில்லை.

அன்று மத்தியானம் டிரைவர் இரண்டு தட்டு சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, ஜீப்பின் பின்சீட்டில் படுத்து, குறட்டை விட்டுத் தூங்கினார். அக்காதான் நிலைகொள்ளாமல் இருந்தாள். ஒரு ஸ்பேனரை எடுப்பாள், வைப்பாள். மூன்று வருஷமாக அவள் சுமந்ததை அவர் மூன்றே வார்த்தையில் முடித்துவிட்டாரே என்ற ஆற்றாமை என்று எனக்குப் பட்டது. "இந்த மனுஷன் இதை மொத நாளே எழுதியிருந்தா நான் டெய்லரிங் கடை வச்சிருப்பேன்" என்று என்னிடம் பொரிந்து தள்ளினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு வரவில்லை.

மறுநாள், டாக்டரம்மாவின் வண்டியைச் சரிசெய்துகொண்டு, அவரோடு அக்காவும் மலைக்குப் போனாள். பசு செத்த பண்ணை ஒரு அம்மாளுடையது. தனியாக ஒன்பது மாடு வைத்துப் பிழைக்கிறவர். அக்கா வாசலில் நின்று, "டாக்டர் வர வேண்டிய வண்டில ஒரு நட்ட மாத்த மறந்தது நான்தாம்மா" என்று சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாள் சாணி வாரிக்கொண்டிருந்தவர், நிமிர்ந்து இவளை ஏற இறங்கப் பார்த்தாராம். உட்காரச் சொல்லவில்லை. திட்டவும் இல்லை. இவள் பெயரையும் பட்டறை இருக்கிற தெருவையும் மட்டும் கேட்டு, இரண்டு தடவை சொல்லிப் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு, மறுபடி சாணி வாரப் போய்விட்டாராம்.

அதற்குப் பிறகு அந்த மலையிலிருந்து டாக்டரம்மாவின் வண்டியைத் தவிர ஒரு ஜீப்கூட எங்கள் தெருவுக்கு வந்ததில்லை. அங்கே முப்பது நாற்பது வண்டி ஓடுகிறது. எல்லாம் இரண்டு ஊர் தாண்டி வேறொருவரிடம் போகின்றன. அந்த அம்மாள் வீடு வீடாகப் போய்ச் சொல்லியிருக்கிறார் என்று டாக்டரம்மா ஒருமுறை தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அக்கா பூட்டு நட் ஒன்றை முறுக்கிக்கொண்டே கேட்டாள். "இன்னும் சொல்லிட்டிருக்காங்களா?"

"ஆமா. போன வாரம்கூட."

"நல்லா சொல்லட்டும்" என்றாள் அக்கா. அடுத்த நட்டை எடுத்தாள்.